கணக்கியல் பட்டத்தோடு நிதியைச் சேர்த்துப் படிப்பது பற்றி

வாசகர் கேள்வி: நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் கணக்கியல் படிக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான விருப்பப் பாடங்களை நிதி, சந்தைப்படுத்தல், தகவல் முகாமைத்துவம் ஆகியவற்றுள் ஏதாவது ஒரு பக்கமாகத் தெரிவு செய்ய வேண்டும். கல்முனையில் வங்கியொன்றில் வேலை செய்யும் அண்ணா நிதியை எடுக்கச் சொல்கிறார். எங்களுக்கு மூத்த அக்காமாரோ கணக்கியலும் நிதியும் ஒன்றுதான், ஒரே பாடத்தை இரண்டு தரம் படிக்கப்போகிறாய் என்கிறார்கள். நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கணக்காளராக வரவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பட்டயக் கணக்காளர் பரீட்சைகளையும் தொடங்கியிருக்கிறேன். கணிதம் எனக்குச் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. எனக்கு நிதி பொருந்துமா?

பதில்:

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள கருத்துகளுள் அக்காமாரின் கருத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது முழுவதும் சரியாக இருக்குமானால் மற்றவற்றைப் பேசவேண்டிய தேவையே இராது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. நிதி முகாமைத்துவத்தின் அறிமுக அலகுகளில் விகிதப் பகுப்பாய்வு, காசுப்பாய்ச்சல் கூற்று, தொழிற்படு மூலதனம், முதலீட்டு மதிப்பீடு ஆகியவை வரும். இவற்றில் பெரும்பகுதியை நிதிக் கணக்கீட்டிலும் முகாமைக் கணக்கீட்டிலும் நீங்கள் ஏற்கனவே கண்டிருப்பீர்கள். தேறிய தற்போதைய பெறுமதியைக் கணிக்கும் முறையை இரண்டு விரிவுரையாளர்களிடம் இரண்டு தரம் படித்து, இரண்டு பரீட்சைகளிலும் ஏறத்தாழ ஒரே வினாவுக்கு விடை எழுதி, நல்ல புள்ளிகளோடு வெளியேறிய பட்டதாரிகளை நான் நேர்முகத் தேர்வுகளில் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் கழிவு வீதத்தை, அதாவது பின்னர் வரும் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வீதத்தை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், வினாத்தாளில் தந்திருந்தார்கள் என்ற பதில்தான் வரும்.

நிதி என்ற துறை தொடங்குவது அந்தப் பதிலுக்கு அப்பால்தான். கணக்கியல் வினாத்தாளில் வட்டி வீதம், கழிவு வீதம், சொத்தின் பெறுமதி, கடன் அறவிட முடியாமற்போகும் வாய்ப்பு எல்லாம் தரவுகளாகவே வந்துவிடும்; அவற்றைச் சரியான இடத்தில், சரியான நியமத்தின்படி பதிவதே மாணவரின் வேலை. அந்தத் தரவுகளை யார், எதைக் கொண்டு, எவ்வளவு நிச்சயத்தோடு சொன்னார் என்று கேட்பதற்கு நிதி கற்பிக்கிறது. ஆகவே நீங்கள் எடுக்கப்போகும் அலகுகள் இந்தக் கேள்வியைக் கற்பிப்பவையாக இருந்தால் நிதி உங்களுக்கு மிக நல்ல துணைப்பாடம். ஏற்கனவே படித்ததையே வேறு தலைப்பில் மீண்டும் படிப்பிப்பவையாக இருந்தால் அக்காமார் சொன்னதுதான் நடக்கும்.

உங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சம்மாந்துறைப் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் சிறுபோக நெல்லை ஆடியில் கிலோ 100 ரூபாவுக்கு வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து, பெரும்போக அறுவடை தொடங்குவதற்கு முன்னர் தை பிறக்கும் வேளையில் கிலோ 110 ரூபாவுக்கு விற்கிறார் என்று கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஈரம் வற்றியும் எலியும் பூச்சியும் தின்றும் நிறையில் 3 சதவீதம் குறைந்துவிடுகிறது. அப்படியானால் அவர் வாங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் கைக்கு வருவது 106 ரூபா 70 சதம். இலாபம் 6 ரூபா 70 சதம். நெல் வாங்கிய பணம் அவருடைய சொந்தப் பணமாக இருந்தால் இலாப நட்டக் கணக்கு இந்தத் தொகையைத்தான் காட்டும், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதே 100 ரூபாவை ஆண்டுக்கு 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டுவிட்டு அவர் வீட்டில் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் 4 ரூபா வந்திருக்கும். ஆக, நெல்லைக் காவல் காத்ததற்கும் விலை விழுந்துவிடுமோ என்று பயந்திருந்ததற்கும் அவருக்குக் கிடைத்த கூலி 2 ரூபா 70 சதம் மட்டுமே. பணத்தை வங்கியில் 15 சதவீத வட்டிக்கு எடுத்திருந்தாலோ, வட்டி மட்டும் 7 ரூபா 50 சதம் போய், கிலோவுக்கு 80 சதம் நட்டம். தை மாதத்து விலை 110க்குப் பதிலாக 106 ஆக இருந்திருந்தால், சொந்தப் பணம் போட்டவர்கூட வைப்பு வட்டியோடு ஒப்பிடுகையில் 1 ரூபா 18 சதம் பின்தங்கியிருப்பார்.

இருப்பை எந்தப் பெறுமதியில் ஐந்தொகையில் காட்டவேண்டும் என்பதைக் கணக்கீட்டு நியமம் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆலைக்காரர் நெல்லை வைத்திருக்கலாமா, உடனே குற்றி விற்றுவிடலாமா, கடன் எடுக்கலாமா என்று கேட்கும்போது அந்த நியமம் மௌனமாகிவிடும். அவருடைய கணக்குகளை ஆண்டுதோறும் தயாரித்துக் கொடுக்கும் கணக்காளரிடம் இந்த மூன்று கேள்விகளும் வராமல் இருக்காது. நம் பகுதியில் சிறு வியாபாரிகளுக்கு வேறு நிதி ஆலோசகர் கிடையாது.

இனி, நீங்கள் கணக்கியலை விட்டு எங்கும் போகப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிதியைத் தவிர்க்க முடியாத நிலைக்குக் கணக்கியல் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9, வாடிக்கையாளர் தவணை தவறும்வரை காத்திராமல், கடன் கொடுத்த நாளிலிருந்தே எதிர்பார்க்கப்படும் கடன் நட்டத்தைக் கணிக்கச் சொல்கிறது. அதற்குத் தவணை தவறும் வாய்ப்பு எவ்வளவு, தவறினால் இழப்பு எவ்வளவு என்ற மதிப்பீடுகள் வேண்டும். இரண்டுமே நிதித்துறையிலும் புள்ளிவிபரவியலிலும் பிறந்தவை. 2019இல் நடைமுறைக்கு வந்த நியமம் 16இன்படி, கடையொன்றைப் பல ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, செலுத்தவேண்டிய வாடகைகளைத் தற்போதைய பெறுமதிக்குக் கொண்டுவந்து பொறுப்பாகக் காட்டவேண்டும். எந்த வீதத்தால் கழிப்பது என்று கேட்டால், குத்தகையில் உள்ளடங்கிய வீதம் தெரியாதவிடத்து, அந்தக் கம்பனி அதேபோன்ற காலத்துக்கும் பிணைக்கும் கடன் எடுத்தால் எவ்வளவு வட்டி கொடுக்கவேண்டியிருக்குமோ அந்த வீதம் என்கிறது நியமம். மட்டக்களப்பு நகரில் இரண்டு கடை வைத்திருக்கும் கம்பனிக்கு அந்த வீதம் என்ன? அதற்கான விடை நியமப் புத்தகத்தில் இல்லை.

ஊழியர் பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளின் பின் கொடுக்கவேண்டிய 10 இலட்சம் ரூபாவை 10 சதவீதத்தால் கழித்தால் இன்றைய பொறுப்பு 3,85,543 ரூபா. 20 சதவீதத்தால் கழித்தால் 1,61,506 ரூபா. ஒரே ஊழியர், ஒரே சேவைக்காலம், ஒரே சட்டம். வீதம் மாறியதால் மட்டும் பொறுப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதைப் பாடப்புத்தகக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2022 ஏப்ரல் 8ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே, அரசாங்கம் குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் 91 நாள் திறைசேரி உண்டியலின் வருவாய் வீதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டுக் கணக்குகளை முடித்தபோது, எந்தக் கழிவு வீதத்தைப் பயன்படுத்துவது, இந்த உயர்வு எத்தனை ஆண்டுக்கு நிலைக்கும் என்று எடுத்துக்கொள்வது என்பதே பல கம்பனிகளில் முகாமையாளருக்கும் கணக்காய்வாளருக்கும் இடையில் நடந்த முக்கிய விவாதமாக இருந்தது. முன்னாண்டு வீதத்தைப் பார்த்து எழுதப் பழகிய உதவியாளர்கள் அந்த அறையில் வாய்திறக்க வழியில்லாமல் இருந்தார்கள். குறுங்கால உண்டியலின் வீதத்தையும் பத்து ஆண்டு அரச கடன் முறியின் வீதத்தையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே பேசினார்கள்.

அண்ணா சொல்வதன் பின்னணியும் எனக்குப் புரிகிறது. வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருப்பவர் அன்றாடம் செய்வது, விண்ணப்பதாரரின் கணக்குகளை வாசித்து, அதில் காட்டிய இலாபத்தை நம்பலாமா, தவணை கட்டக் காசு வருமா என்று தீர்மானிப்பது. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை, அதாவது எல்லோரும் கிரிப் ரிப்போர்ட் என்று சொல்வது, பழைய கடன்களின் நிலையைச் சொல்லும். வரப்போகும் காசை அது சொல்லாது. இந்த வேலைக்குக் கணக்கியல் தெரிந்த நிதி மாணவரைவிட நிதி தெரிந்த கணக்கியல் மாணவர் பொருத்தமானவர் என்பது என் அபிப்பிராயம். கணக்குகளில் எங்கே மறைக்கலாம் என்பது கணக்குப் பதிந்து பழகியவருக்குத்தான் கண்ணில் படும்.

ஆனால் நிதி என்றவுடன் மாணவர்கள் கற்பனை செய்யும் வேலைகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பங்கு ஆய்வு, முதலீட்டு நிதிய முகாமைத்துவம், திறைசேரி வணிகம் போன்றவை ஏறக்குறைய முழுவதும் கொழும்பிலேயே இருக்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிதித் துறை என்றால் வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், நகை அடகு, கூட்டுறவுச் சங்கங்கள், நுண்கடன், நெல் வியாபாரம் ஆகியவற்றின் பணவோட்டம்தான். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் வட்டியில்லா இஸ்லாமிய வங்கிமுறைக்கு நல்ல கேள்வி உண்டு. முறாபஹா (இலாபம் சேர்த்த விற்பனை), இஜாரா (குத்தகை) ஒப்பந்தங்களின் அமைப்பைப் புரிந்துகொண்டு அவற்றைக் கணக்கில் எவ்வாறு காட்டுவது என்று விளக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. உங்கள் அலகுகளில் அது இருந்தால் மதம் பார்த்துத் தவிர்க்க வேண்டாம். எனவே இந்தப் பக்கத்திலேயே இருந்து வேலை செய்ய விரும்பினால் கடன் மதிப்பீடு, நிதிக்கூற்றுப் பகுப்பாய்வு, நிறுவனப் பெறுமதி மதிப்பீடு, இடர் முகாமைத்துவம் ஆகிய அலகுகளை எடுங்கள். பெறுதிகள் (வேறொரு சொத்தின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்), சர்வதேச நிதி போன்றவை பெறுபேற்றுத் தாளில் பார்க்கப் பெரிதாகத் தெரியும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் திட்டம் இல்லையெனில் அவற்றுக்குக் கடைசி இடம் போதும்.

கணிதம் பற்றிய உங்கள் பயத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நம் மாவட்டத்தில் நுண்கடன் எடுத்த பெண்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களிடம் இருக்கும் தவணை அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டியை ஆரம்பத் தொகை முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் போட்டு 24,000 ரூபா ஆக்கி, 1,24,000 ரூபாவைப் பன்னிரண்டால் பிரித்து மாதம் 10,333 ரூபா என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். ஆனால் முதல் மாதத்திலிருந்தே கடன்தொகை குறைந்துகொண்டு போகிறது. கடைசி மாதத்தில் அந்தப் பெண்ணின் கையில் இருப்பது பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த கடன் மாத்திரமே, வட்டியோ இன்னும் ஒரு இலட்சத்துக்குப் போட்ட வட்டி. குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி மாதத்துக்கு ஏறக்குறைய 3.47 சதவீதம், பன்னிரண்டால் பெருக்கினால் 41 சதவீதத்துக்கு மேல், வட்டிக்கு வட்டி சேர்த்து ஆண்டுக்குப் பார்த்தால் 50 சதவீதத்தைத் தாண்டும். எக்செல்லில் ரேட் என்ற சார்பைப் போட்டு இந்த 3.47ஐ நீங்களே வரவழைத்துப் பாருங்கள். அதன்பின் அந்தச் சார்பு இல்லாமல், ஒரு வீதத்தை ஊகித்து, பன்னிரண்டு தவணைகளையும் தனித்தனியே கழித்துக் கூட்டி, ஒரு இலட்சம் வருகிறதா என்று திருத்தித் திருத்திச் செய்து பாருங்கள். இதைச் செய்யும்போது நேரம் போனது தெரியாமல் இருந்தீர்கள் என்றால் நிதி உங்களுக்குப் பொருந்தும். சலித்துப்போய், விடை என்ன என்று மட்டும் கேட்கத் தோன்றினால், அண்ணா என்ன சொன்னாலும் வேறு பக்கம் பாருங்கள். பட்ட மட்ட நிதிக்கு வேண்டிய கணிதம் பெரும்பாலும் அடுக்குகள், சராசரி, நியம விலகல், இணைபு (correlation), பிற்செலவு (regression) ஆகியவைதான். சாதாரண தரக் கணிதத்தில் நல்ல சித்தி உள்ளவர் முறையாக உட்கார்ந்தால் எட்டக்கூடியவை. புள்ளிவிபரவியல் அலகைத் தள்ளிப்போடாமல் நிதி அலகுகளுக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

மற்ற இரண்டு தெரிவுகளில் சந்தைப்படுத்தலை உங்கள் கடிதத்தில் நீங்களே ஆர்வத்தோடு எழுதவில்லை, அதை விட்டுவிடலாம். தகவல் முகாமைத்துவம் உண்மையான போட்டியாளர். இன்று தரவுகளைக் கையாளத் தெரியாத கணக்காய்வு உதவியாளருக்கு எங்கும் மதிப்பில்லை என்பதால் அதைத் தெரிவு செய்வோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் எக்செல், தரவுத்தளம், கணக்கீட்டு மென்பொருள் ஆகியவற்றை விடுமுறையில் வீட்டிலிருந்தோ பயிற்சிக் காலத்தில் வேலைத்தளத்திலோ கற்றுக்கொள்ள வழி உண்டு. பெறுமதி மதிப்பீட்டையும் இடரையும் ஆசிரியர் இல்லாமல் கற்பது கடினம். ஆசிரியர் கிடைக்கும் காலத்தில் ஆசிரியர் தேவைப்படும் பாடத்தை எடுப்பதே சிக்கனம்.

அம்மாவின் விருப்பத்துக்கு நிதி தடையாகாது, ஆனால் பெரிதாக உதவவும் மாட்டாது. கச்சேரியிலோ திணைக்களங்களிலோ கணக்காளர் பதவி இலங்கைக் கணக்காளர் சேவையைச் சேர்ந்தது. அதன் திறந்த போட்டிப் பரீட்சைக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், எப்போது கோருவார்கள் என்பதற்கு நிலையான நாட்காட்டி இல்லை. அங்கே வேலை பாதீட்டு ஒதுக்கீடு, நிதிப் பிரமாணங்கள், பெறுகை நடைமுறை ஆகியவற்றின் மேல் நடப்பது. பங்குகளின் இடரை அளக்கத் தெரிந்தவருக்கு அங்கே அதனால் கூடுதல் பயன் எதுவும் வராது. நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: கடைசியாக வந்த வர்த்தமானி அறிவித்தலை எடுத்து, அதில் கேட்டுள்ள பட்டத் தகைமையின் சொற்களையும் உங்கள் பட்டச் சான்றிதழில் வரப்போகும் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிதி அலகுகளைச் சேர்ப்பதால் சான்றிதழில் கணக்கியல் என்ற முதன்மைத் துறை மாறுவதானால், பீட அலுவலகத்தில் அதைப் பற்றி எழுத்தில் விளக்கம் கேட்டபின்னரே கையொப்பமிடுங்கள்.

பட்டயக் கணக்காளர் பரீட்சைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிடும் தொழிலுக்கு அந்தத் தகுதி வழி திறக்கும். பல்கலைக்கழகத்தின் நிதிச் சிறப்புத்துறை அப்படி எந்த உரிமையையும் தராது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோக முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. அக்காமார் குறையாகச் சொன்ன அந்தப் பொதுப் பகுதி இங்கே உங்களுக்கு இலாபம். நிதி அலகுக்குப் படித்தது பட்டயப் பரீட்சையின் நிதி முகாமைத்துவப் பகுதிக்கும் உதவும் என்பதால் இரண்டையும் ஒரே அரையாண்டில் வருமாறு ஒழுங்கு செய்யப் பாருங்கள். முதலீட்டுப் பகுப்பாய்வாளருக்கான சர்வதேசத் தகைமையான சி.எஃப்.ஏ. பற்றி யாராவது இப்போதே சொல்லி உங்களை அவசரப்படுத்தினால் பொறுமையாக இருங்கள். மூன்று படிகளைக் கொண்ட அந்தப் பரீட்சையின் கட்டணம் அமெரிக்க டொலரில் கட்டவேண்டியது. முதலீட்டுத் துறையில்தான் வேலை என்பது உறுதியாகும் முன்னர் வீட்டுப் பணத்தை அதில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெரிவுப் படிவத்தை ஒப்படைக்கும் முன்னர் இரண்டு வேலைகள் செய்யுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பட்டியற்படுத்தப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊரில் கிளை உள்ள வங்கியொன்றின் அறிக்கையை இறக்கி, கடன் நட்ட ஒதுக்கீடு பற்றிய குறிப்பை மட்டும், அதில் கடன்கள் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும் அட்டவணையோடு சேர்த்து வாசியுங்கள். முதல் வாசிப்பில் பாதி புரிந்தாலே போதும். அடுத்து, நிதி அலகுகளின் பாடத்திட்டங்களைப் பீடத்தில் கேட்டு வாங்கி, நீங்கள் ஏற்கனவே முடித்த கணக்கியல் அலகுகளின் பாடத்திட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்து, திரும்ப வரும் தலைப்புகளைப் பென்சிலால் கோடிடுங்கள். பாதிக்கு மேல் கோடு விழுந்த அலகை விட்டுவிட்டு மற்றொன்றைத் தெரிவு செய்யுங்கள். மீதியாக நிற்கும் நிதி அலகுகள் மூன்றோ நான்கோ இருந்தால், தயங்காமல் படிவத்தில் நிதி என்று எழுதுங்கள்; ஒன்றோ இரண்டோதான் மிஞ்சுகிறது என்றால், அவற்றைத் தனி அலகுகளாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தகவல் முகாமைத்துவத்திலிருந்து நிரப்ப அனுமதி உண்டா என்று உங்கள் கல்வி ஆலோசகரிடம் கேளுங்கள்.